கொசுக்கடியும் கைவைத்தியமும்

விடியற்காலையில் பிரட்டு முடிந்து வெட்டுக்காட்டிற்குள் நுழையும் நம்மை முதலில் வரவேற்பவை கொசுக்களே. ஒரு கை மரத்திலும் மறு கை உளியிலும் இருக்க, கொசுவை அடிக்க ஏது கை? ஆகவேதான் நம் பெரியோர் எண்ணெயையும் புகையையும் துணைக்கொண்டனர். அவை எவ்வளவு பயன் தரும் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

எண்ணெய்

நாம் விடும் மூச்சு, உடற்சூடு, வியர்வை மணம் ஆகியவற்றைக் கொண்டே கொசு நம்மைத் தேடி வருகிறது. ‘செராய் வாங்கி’ எனப்படும் மணப்புல்லின் தைலம் அதனை விலக்கும். சில துளிகளைத் தேங்காய் எண்ணெயில் கலந்து கை கால்களில் தடவலாம். கலக்காமல் தடவினால் தோல் எரியும். இதன் பயன் ஏறக்குறைய ஒரு மணி நேரமே. வியர்வை வழிந்தால் அதற்கு முன்பே குறைந்துவிடும். ஆகவே மீண்டும் தடவ வேண்டும். கையை மூடும் சட்டையும் காலை மூடும் உடையும் இதனினும் உறுதியான காவலாகும்.

புகை

வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் புகை உள்ளவரை கொசுவை ஓரளவு விலக்கும். ஆனால், மூடிய அறையில் அப்புகை குழந்தைகளின் நெஞ்சைப் பாதிக்கும். மேலும், மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில் கடிக்கிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் கடிக்கிறது. இரவில் போடும் புகை காலைக் கடியைத் தடுக்காது. பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை கட்டுவீர்.

பிறப்பிடம்

கொசுவை விரட்டுவதைவிடப் பிறவாமல் தடுப்பதே சிறந்தது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைக் குறைத்தார். ஏடிஸ் கொசுவிற்கோ சதுப்பு நிலம் வேண்டுவதில்லை. வெட்டு நின்ற மரத்தின் மங்கில் தேங்கும் மழைநீரே போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். ஆகவே, வெட்டு நிற்கும் நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். லயத்தைச் சுற்றிக் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, தகர டப்பா, பழைய டயர் ஆகியவற்றை வாரம் ஒருமுறை அகற்றுவோம். தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மூடுவோம். அங்கு ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

காய்ச்சல் கண்டால்

டிங்கிக் காய்ச்சலுக்குக் கைவைத்தியம் போதாது. காய்ச்சல் கண்டவரை உடனே மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லல் வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாகாது. அது இரத்தக் கசிவை மிகுதியாக்கும். காய்ச்சல் தணிந்ததும் நோய் நீங்கிவிட்டதென எண்ணிவிடலாகாது. அவ்வேளையில்தான் ஆபத்து நேரக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்காது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

எண்ணெய் ஒரு மணி நேரம் காக்கும். கவிழ்த்த மங்கோ லயத்தில் உள்ள அனைவரையும் காக்க உதவும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதனைத் தொடங்குவோமாக.