அஞ்சத் தெரியாத பருவம்

வடகிழக்குப் பருவமழையின் இடியும் தீபாவளி வெடியும் அடுத்தடுத்து வருகிற ஐப்பசி மாதத்தில், பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி டவுனிலோ ஏதேனும் ஒரு தெருவில், இரண்டு மூன்று மாதப் பிராயமான நாய்க்குட்டியொன்று ஒருக்களித்த கதவின் வழியே வெளியேறிக் காணாமற்போவதும், வீட்டுக் குழந்தை சோறுண்ண மறுத்து அழுவதும், அண்டை வீட்டார் வாசலில் வந்து நின்று, “கதவைத் திறந்து போட்டுட்டு இப்பம் அழுதா குட்டி வந்துருமா அண்ணாச்சி?” என்று கேட்பதும் நாம் அறியாத காட்சிகள் அல்ல. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் துயரப்படுகிறவரிடம் முதலில் கேட்கத்தக்கது அதுவன்று. குட்டி ஏன் போயிற்று என்பதற்கு அது விடையும் ஆகாது.

நாய்க்குட்டிக்குக் கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரமும், காது நன்கு கேட்க மூன்று வாரமும் ஆகின்றன. அதன்பின் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையில் நீளும் ஒரு குறுகிய காலமே அதன் ஆயுள் முழுவதற்குமான சிநேகத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர், உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில் மனித சகவாசமின்றிக் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டுச் செய்த சோதனையின் முடிவை 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூன்று வாரக் குட்டிகள் கண்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டன; வயது ஏற ஏற அச்சம் தலைப்பட்டு, நெருங்குவதற்குப் பிடித்த காலமும் ஏறிற்று; பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாதிருந்த குட்டிகளோ காட்டு மிருகம் போல ஒதுங்கின. ஆக, நம் மடியில் வந்து படுக்கச் செய்கிற அதே இளமைதான், தெருவில் போகிற பள்ளிப் பிள்ளையின் பின்னாலும், ஆடு மேய்ப்பவரின் பின்னாலும் அதனை வாலாட்டிக்கொண்டு நடக்கச் செய்கிறது. கரிசல் காட்டில் முயல் துரத்திப் பழகிய கன்னி, சிப்பிப்பாறை இனத்துக் குட்டியானால், ஓடுகிற பூனையோ பறக்கிற காகிதமோ கண்ணில் பட்ட கணமே வீட்டை மறந்துவிடும். இதனை நன்றிகேடு என்று ஏசுவது பெரும் அநீதி.

குட்டிப் பருவம் கழிந்ததும் கவலை தீர்ந்தது என்று எண்ணவும் இடமில்லை. ஐந்து மாதத்தில் சொன்ன சொல் கேட்ட நாய், எட்டு மாதத்தில் தன்னை வளர்த்தவர் சொல்லை மீறுகிறதென்றும், அதே வயதில் அந்நியர் சொல்லுக்கு அவ்வாறு மாறு செய்வதில்லையென்றும் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் கண்டு கூறினர். வழி கண்டு திரும்பும் திறமையைப் பற்றியோ, அதே ஆண்டில் செக் நாட்டு ஆராய்ச்சியாளர், காட்டில் விடப்பட்ட வேட்டை நாய்களில் பல, திரும்பும் முன் வடக்கு தெற்காக ஏறத்தாழ இருபது மீட்டர் ஓடித் திசையைச் சரிபார்த்துக்கொள்வதாகத் தெரிவித்தனர். பூமியின் காந்தப் புலமே அதற்குத் துணையாகலாம் என்பது அவர்கள் கருத்து. தெருமுனையைத் தாண்டியறியாத குட்டியிடம் அந்தத் திறமையையும் அனுபவத்தையும் எதிர்பார்க்க இயலாது.

எதிர்கொள்ளும் அபாயமோ சிறிதன்று. கரை தொட்டு ஓடும் பாளையங்கால்வாயின் செங்குத்தான சுவரில் நகம் பற்றாமல் வழுக்குகிற குட்டி, படித்துறை இருக்குமிடம் தெரியாமல் நீரோட்டத்தோடு போய்விடுகிறது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து மலையடிவாரச் சிற்றூர்களிலோ, களக்காடு–முண்டந்துறைக் காட்டிலிருந்து இறங்கும் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசியின் பலன் முழுமையடையாத அந்த இடைக்காலத்தில், 1978-இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் தெருமண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருந்து தொற்றுவதும் உண்டு. இவற்றில் ஒன்றையும் குட்டி அறியாது. அறிந்தவர் நாமே என்பதனால்தான் பொறுப்பு முழுவதும் நம்மைச் சார்கிறது.

தேடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கண்டதும் கூச்சலிட்டுத் துரத்தினால் குட்டி மேலும் ஓடும். பக்கவாட்டாகத் திரும்பிக் குந்தியிருந்து, மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அது படுத்த பழந்துணியை வாசலில் போடுவது நன்று; அந்த வாசனை அதற்கு நம் முகத்தைக் காட்டிலும் பரிச்சயமானது. பூனைக்குட்டியானால் வெகுதூரம் போயிருக்குமென்று அலைய வேண்டாம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், காணாமற்போய்க் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே அகப்பட்டிருந்தன. அஞ்சிய பூனை அழைத்தாலும் குரல் கொடுக்காமல் விறகடுக்கின் இடுக்கிலோ படிக்கட்டின் அடியிலோ பதுங்கியிருக்கும். தெரு அடங்கிய பின் டார்ச் வெளிச்சத்தைத் தாழ அடித்துப் பார்த்தால், விழித்திரைக்குப் பின்னுள்ள பிரதிபலிக்கும் படலம் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமென்கிறது; முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாதது, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாதது. கைதவறிப் போகவிட்டவரை இச்சட்டம் தொடாது, தொடவும் வேண்டாம். ஆனால் போனது போகட்டும் என்று இரண்டு நாளில் தேடுவதை விட்டுவிடுகிறவருக்கும் கைவிட்டவருக்கும் குட்டியின் பசியில் யாதொரு பேதமும் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஆகவே, கால்வாய்க் கரையிலோ ரத வீதியிலோ அறியாத குட்டியொன்று உங்கள் காலடியைத் தொடர்ந்து வருமாயின், சீ என்று விரட்டாதீர்கள். கழுத்துப்பட்டையில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஒரு சிரட்டைத் தண்ணீர் வைத்து, அடுத்தடுத்த நாலு வீட்டில் விசாரியுங்கள். காயமோ சோர்வோ கண்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ எடுத்துச் செல்லுங்கள். குட்டியைத் தேடி வருகிறவர் உங்கள் வாசலுக்கு வந்தால், கதவை ஏன் திறந்து வைத்தீர்கள் என்று கேட்காமல், எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டு, அவருடன் இரண்டு தெரு நடந்து வாருங்கள்.