ஐந்து நிமிட விளையாட்டு

மாலையில் வேலை முடிந்து வாசலில் அமரும்போது பிள்ளைகளோடு ஆடக்கூடிய விளையாட்டொன்றைப் பற்றி இன்று பேசுவோம். இதற்குப் பந்து வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரு சிறு கதையும் ஒரு கேள்வியும் போதும்.

"கீழே கிடந்த பணத்தை உரியவரிடம் கொடுப்பாயா?" என்று கேட்டால் அது விளையாட்டாகாது. நமக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிட்டுப் பிள்ளை ஓடிவிடும். கதையில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை இழக்க வேண்டும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் லாரன்ஸ் கோல்பர்க், 1950-களில் தொடங்கிய ஆய்வில் இத்தகைய கதைகளையே பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று புகழ்பெற்றது. ஹைன்ஸ் என்பவனின் மனைவி சாகக் கிடக்கிறாள். 200 டாலர் அடக்கமுள்ள மருந்துக்குக் கடைக்காரர் 2,000 டாலர் கேட்கிறார். ஹைன்ஸ் திரட்டியதோ 1,000 டாலர்தான். அவன் மருந்தைத் திருடலாமா? பிள்ளைகள் 'ஆம்' என்றார்களா, 'இல்லை' என்றார்களா என்பதைவிட, அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையே கோல்பர்க் கவனித்தார்.

நாமும் வகுப்பில் ஒரு கதை அமைத்தோம். "அம்மா விடியற்காலையிலேயே பால்மரம் சீவப் போய்விட்டார். தம்பிக்குக் காய்ச்சல். அக்காவுக்கோ இன்று தேர்வு. அவள் என்ன செய்வாள்?" பத்து எண்ணுவதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. "வீட்டில் இருக்க வேண்டும்" என்று பையன்கள் உடனே கூறினார்கள். அக்காவாக நடித்த சிறுமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சார், இந்தக் கதையில் அண்ணன் எங்கே?"

நம்மிடம் விடை இல்லை. அண்ணனைக் கதையில் சேர்க்காமல் விட்டவர் நாமே. அவள் அடிக்கடி பள்ளிக்கு வராததன் காரணம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

கோல்பர்க்கின் முதல் ஆய்விலும் இப்படியொரு குறை இருந்தது. அவர் கேட்டது பையன்களிடம் மட்டுமே. கேரல் கில்லிகன் என்ற பெண் அறிஞர் 1982-இல் வெளியிட்ட நூலில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் விடையை எடுத்துக்காட்டினார். திருடவும் வேண்டாம், மனைவியைச் சாக விடவும் வேண்டாம், கடன் வாங்கலாம், பேசிப் பார்க்கலாம் என்று அவள் மூன்றாவது வழியைத் தேடினாள்.

ஆகவே, கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 'ஏன்' என்று கேளுங்கள். தீர்ப்புக் கூறாதீர்கள். அடுத்த முறை மகனை அக்காவாக நடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை கதையையே கேள்வி கேட்டால் கோபிக்க வேண்டாம். அந்தக் கேள்வி நம் வீட்டைப் பற்றியதாகவும் இருக்கலாம்.