பதினெட்டு முடிந்ததும் எங்கே போவது?

பெரியகுளத்தில் மாம்பழக் காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கூடை இறங்கும். "அம்மா, பழுத்துவிட்டதா?" என்று குழந்தைகள் நாளைக்குப் பத்துத் தடவை வைக்கோலைக் கிளறுவார்கள். "பொறுடா, இன்னும் இரண்டு நாள் ஆகட்டும்" என்பீர்கள் நீங்கள். பழுக்கவில்லையே என்பதற்காகக் காயைத் தெருவில் வீசுவீர்களா? மாட்டீர்கள்!

காப்பகத்தில் வளரும் பிள்ளைகளுக்கோ அப்படியொரு நாள் வருகிறது. பதினெட்டாவது பிறந்த நாள்தான் அது! நம் வீட்டில் அன்று பாயசம். அந்தப் பிள்ளைக்கோ, "இன்றிரவு எங்கே படுப்பது?" என்ற கவலை. வாடகைக்கு அறை தேடிப் போனால், "அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வாள், பாவம்!

இது புதிய கவலை அல்ல. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய இளம் பெண்களுக்கு அன்று விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். டாக்டரம்மா கதவைத் திறந்தார். 1930-இல் சென்னையில் ஔவை இல்லம் பிறந்தது அப்படித்தான்.

இன்று சட்டமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காப்பகத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்குப் பிற்காப்பு உதவி தரலாம் என்கிறது. 2016-இல் வந்த மாதிரி விதிகளின்படி இந்த உதவி 21 வயது வரை. மிக அவசியமென்றால் 23 வரை. ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஒரே வீட்டில் சேர்ந்து தற்காலிகமாகக் குடியிருக்க ஏற்பாடு செய்யலாம் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. பணம்? 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் 2022 வழிகாட்டு நெறிகளில், ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று இருக்கிறது.

கணக்குப் போடுவதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? போட்டுத்தான் பாருங்களேன்! ஆறு பேருக்கு 24,000 ரூபாய். வாடகை, அரிசி, காய்கறி, சிலிண்டர், பஸ் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் வண்டி ஓடிவிடும். ஆனால், வீட்டுக்காரர் முதல் நாளே முன்பணம் கேட்பாரே! மாதாமாதம் வருகிற தொகையில் அதை எப்படிச் சேர்ப்பது? பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற வாசற்படி இதுதானோ என்று தோன்றுகிறது.

இங்கேதான், சகோதரிகளே, உங்கள் மகளிர் குழுவுக்கு வேலை இருக்கிறது. முன்பணம் கரைந்து போகிற பணம் அல்ல. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும். அதே பணம் அடுத்த ஆறு பேருக்குக் கதவு திறக்கும். ஒரு முறை சேர்த்தால் போதும். பல வருஷம் பலன் தரும் மாமரம் மாதிரி!

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய், "எங்களால் இவ்வளவு முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். மாடியில் அறை காலியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதினெட்டு வயதில் காய் முற்றியிருக்கும், அவ்வளவுதான். பழுக்க இன்னும் கொஞ்சம் வைக்கோல் வேண்டாமா?