கடைசி வயலுக்கும் தண்ணீர் வந்தது



நாளாந்தம் அரிசி களைந்து உலையில் இடுகிறீர்கள். களைந்த தண்ணீரையும் வீணாக்காமல் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுபவர்கள் உங்களில் பலர். ஆனால் அந்த அரிசி உங்கள் சுளகுக்கு வந்து சேருமுன் எவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு கிலோ நெல் விளைவதற்குச் சராசரியாக 2,500 லீற்றர் தண்ணீர் தேவைப்படுகிறது என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணையும் காலநிலையையும் பொறுத்து இது கூடும், குறையும். எப்படியிருந்தாலும் வீட்டில் நாம் மிச்சம் பிடிக்கும் குடங்களை விட, வயலில் மிச்சமாகும் அல்லது வீணாகும் தண்ணீரே மிகப் பெரிது.

இந்தத் தண்ணீரைக் காப்பது யார் பொறுப்பு? "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்கிறோம் நாம். "விவசாயிகள் வீணாக்குகிறார்கள்" என்கிறது அரசாங்கம். இரு தரப்பும் விரலை நீட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. இரு தரப்பும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே, அதுவும் நம்மவர் பலர் வாழும் கிழக்கிலேயே, ஒரு சான்று இருக்கிறது. அதுதான் கல்லோயாவின் கதை.

பட்டிப்பளை ஆறும் பெரிய குளமும்

கல்லோயாவைத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்பார்கள். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்துக்கு முதலாவது பிரதமரின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் அது ஒன்று. அம்பாறையைச் சுற்றிப் புதிய குடியேற்றங்கள் உருவாகின. கீழே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பழைய வயல்களும் இந்தத் திட்டத்தோடு இணைந்தன.

குளத்திலிருந்து பிரதான வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் நீர் கொடுக்கும் வயல் வாய்க்கால். இப்படித்தான் தண்ணீர் ஓடுகிறது. ஆகவே வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவருக்கு எப்போதும் தண்ணீர். கடைசியில் உள்ளவருக்கு மிஞ்சினால்தான் தண்ணீர். இடதுகரைத் திட்டத்தில் தலைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைசியில் இருந்தவர்கள் தமிழ் பேசும் விவசாயிகள். 1956இல் இனக் கலவரத்தைக் கண்ட மண் அது. தண்ணீர்ச் சண்டை அங்கே வெறும் தண்ணீர்ச் சண்டையாக மட்டும் இருக்கவில்லை.

ஏன் வீணானது?

எழுபதுகளின் இறுதியில் இடதுகரையின் நிலை மிக மோசமாக இருந்தது. கதவுகள் உடைந்திருந்தன. வாய்க்கால்களில் மண்ணும் புல்லும் மண்டிக் கிடந்தன. பல ஆண்டுகளாகத் துப்புரவாக்கப்படாத வாய்க்கால்களும் இருந்தன. சிறுபோகத்தில் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டுவதே அரிது.

தலைப்பில் இருந்தவர்கள் பேராசைக்காரர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத நாட்களை நினைத்துப் பாருங்கள். வந்ததும் குடம், வாளி, அண்டா என்று வீட்டிலுள்ள அத்தனையையும் நிரப்பி வைப்பீர்கள். மறுநாள் தண்ணீர் தாராளமாக வந்தால் நிரப்பியதைக் கொட்டுவீர்கள். வயலிலும் அதுதான் நடந்தது. அடுத்த தண்ணீர் என்றைக்கு என்று தெரியாத விவசாயி, வரும்போதே வரம்பு முட்டக் கட்டினார். தேவைக்கு மேல் கட்டியது கசிந்து வடிந்தது. வீணாக்கியது பயம், அந்தப் பயத்தை உண்டாக்கியது நிச்சயமின்மை.

முன்பெல்லாம் வட்டைவிதானையார் முறைவைத்துத் தண்ணீர் விடுவார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போனது. பின்னர் வந்த ஏற்பாடுகளும் அடிக்கடி மாறின. இடையில் ஏற்பட்ட வெற்றிடத்தைத் திணைக்களத்தாலும் நிரப்ப முடியவில்லை, விவசாயிகளாலும் நிரப்ப முடியவில்லை.

1981 சிறுபோகம்

அமெரிக்க அரசின் உதவியோடு இடதுகரையைப் புனரமைக்கும் வேலை 1979இல் தொடங்கியது. சீமெந்தும் கல்லும் மட்டும் போதாது என்று உணர்ந்து, விவசாயிகளை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. 1981இல் பட்டதாரி இளைஞர்கள் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்குச் சென்று அங்கேயே தங்கினார்கள்.

அவர்கள் போனவுடன் சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், தனாதிகாரி என்று பதவிகளைப் பங்கிடவுமில்லை. வீடு வீடாகச் சென்று, "உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து, இருபது பேரைக் கூட்டி, அவர்களாலேயே செய்யக்கூடிய ஒரு வேலையைத் தொடங்க வைத்தார்கள். பிறகுதான் அவர்கள் வாக்கெடுப்பின்றி, எல்லோருடைய சம்மதத்தோடும் ஒரு பிரதிநிதியைத் தெரிந்தார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது.

அந்தச் சிறுபோகத்தில் குளம் ஏறத்தாழ காற்பங்குதான் நிரம்பியிருந்தது. சண்டை மூளும் என்று அஞ்ச வேண்டிய வருடம். நடந்ததோ வேறு. சில வாரங்களுக்குள் பெரும்பாலான வயல் வாய்க்கால்கள் சிரமதானத்தால் துப்புரவாயின. முறைவைத்து நீர் எடுத்தார்கள். தலைப்பில் இருந்தவர்கள் தங்கள் முறையில் மிச்சமான தண்ணீரைக் கீழே இருந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். சிங்கள விவசாயிகளிடமிருந்து தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் போனது. மேலிருந்து எந்தக் கட்டளையும் வந்து அது நடக்கவில்லை.

திணைக்களமும் இறங்கி வந்தது

விவசாயிகள் மட்டும் மாறியிருந்தால் இது ஒரு போகத்தோடு முடிந்திருக்கும். பொறியியலாளர்கள் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, வாய்க்கால் ஓரமாக விவசாயிகளோடு நடந்தார்கள். எந்த இடத்தில் நீர் ஏறாது, எந்தக் கதவு பயனற்றது என்பது அங்கே பல வருடம் மண்வெட்டி பிடித்தவருக்குத்தான் தெரியும். மாவட்ட விவசாயக் குழுவில் அரசாங்க அதிபரோடும் அதிகாரிகளோடும் விவசாயப் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள். மனுவோடு வாசலில் காத்து நின்றவர் மேசையில் இடம் பெற்றார்.

காலப்போக்கில் இது நாட்டின் கொள்கையுமானது. பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களை விவசாயிகளோடு சேர்ந்து முகாமை செய்வதற்கு 1988இல் அமைச்சரவை இணங்கியது. 1991இல் கமநல சேவைகள் சட்டம் திருத்தப்பட்டு, கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதனைத் தொடர்ந்தது.

1997இல் வந்த சோதனை

வெளிநாட்டு உதவி நின்றது. அமைப்பாளர்களில் பெரும்பாலானோர் நிரந்தர உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள். நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு கல்லோயாவில் எதுவும் மிஞ்சியிருக்குமா?

1997 சிறுபோகத்தில் அதற்கு விடை கிடைத்தது. நெல் விதைக்கக் குளத்தில் தண்ணீர் போதாது என்று அதிகாரிகள் கூறினார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் விவசாயிகள் தங்கள் அமைப்புகளின் மூலம் முறைவைத்துப் பகிர்ந்து, சுமார் 65,000 ஏக்கரில் நெல் விதைத்தார்கள். வழக்கத்தை விடச் சிறந்த விளைச்சல் கிடைத்தது. ஆரம்பத்திலிருந்து இந்த முயற்சியைப் பின்தொடர்ந்த கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப், இலங்கை ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். விவசாயிகள் அமைப்புகள் வந்தபின் ஒவ்வொரு துளி நீரும் தந்த பலன் ஏறத்தாழ இரட்டிப்பானது என்பது அவர்களின் கணிப்பு.

கல்லோயாவில் நடந்தது எல்லா இடத்திலும் அப்படியே நடந்துவிடவில்லை. பதிவேட்டில் மட்டும் உயிரோடிருக்கும் அமைப்புகளும் உண்டு. பராமரிப்புச் செலவைக் குறைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாய்க்காலை விவசாயிகளிடம் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது ஒத்துழைப்பு அல்ல; அது சுமையைக் கைமாற்றுவது. அதே போல, எல்லாவற்றையும் திணைக்களத்திடம் கேட்டுவிட்டு, ஒரு கூடை மண்ணைக்கூட அள்ள மறுப்பதும் ஒத்துழைப்பாகாது. தகவலும் தீர்மானமும் வேலையும் மூன்றுமே பங்கிடப்பட வேண்டும். கல்லோயாவில் வெற்றி பெற்றது அந்தப் பங்கீடுதான்.

இதில் உங்கள் பங்கு

"வயல் விசயம் ஆண்களுடையது, எங்களுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? கிழக்கின் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீட்டையும் வயலையும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. உறுதியில் உம்மாவின் பெயர் இருக்கும். கூட்டத்துக்குப் போவது வாப்பாவாக இருப்பார். இல்லாவிட்டால் குத்தகைக்காரராக இருப்பார். பல நேரம் ஒருவருமே போவதில்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. முதல் தண்ணீர் எப்போது, வாய்க்கால் துப்புரவு எந்தத் திகதிக்குள், விதைப்பின் கடைசி நாள் எது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, தண்ணீர் எப்போது நிறுத்தப்படும் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. அரை மாதம் கூடிய நெல்லைத் தெரிந்தால் அரை மாதத் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்பதை உங்களுக்கு விளக்கவா வேண்டும்? காணிச் சொந்தக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் குரல் உண்டு. அவர் ஆணா பெண்ணா என்பது அங்கே கேள்வியல்ல.

ஆகவே இந்தப் போகத்தில் சிலவற்றைச் செய்து பாருங்கள். உங்கள் பெயரில் காணி இருந்தால், கூட்டம் என்றைக்கு என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டறியுங்கள். முடிந்தால் நீங்களே போங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால், அதே வாய்க்காலில் காணியுள்ள இன்னும் இரண்டு சகோதரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போக முடியாவிட்டால், போய்வந்தவரிடம் என்ன தீர்மானித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் வயலைக் குத்தகைக்குச் செய்பவர் வாய்க்கால் துப்புரவுக்குப் போனாரா என்றும் விசாரியுங்கள். உங்கள் காணி தலைப்பில் இருந்தால், கடைசி வயல் யாருடையது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதுவும் உங்களைப் போன்ற ஒரு தாயின் காணியாக இருக்கலாம். அவருடைய அடுப்பும் அந்த நெல்லை நம்பித்தான் எரிகிறது.

வயல் இல்லாத நகரத்துச் சகோதரிகளுக்கும் இதே பாடம்தான். உங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா? தெரியாவிட்டால், இன்றே அந்த வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்.