நெஞ்சுக்குப் பச்சைத் துளியா?

ஒலிபரப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அழைத்தார் ஒரு நேயர், ஓர் அம்மா. நெஞ்சுப் படபடப்புக்குப் பச்சை நிற 'அனாகத மலர்த்துளி' வாங்கலாமா என்றார்.

1577இல் பூர்ணானந்தர் எழுதிய 'ஷட்சக்ர நிரூபணம்' அனாகதத்தின் இதழ்களைச் சிவப்பு என்கிறது. மணிபூரகம் கார்மேக நிறம்! இன்றைய வானவில் வரிசை பிற்பாடு மேற்கில் சேர்ந்தது.

மலர் மருந்தோ 1930களில் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் பாச் உருவாக்கியது. ஊற்றுநீரில் பூக்களை மிதக்கவிட்டு 3 மணி நேரம் வெயிலில் வைப்பார். கெடாமலிருக்கப் பிராந்தி சேர்ப்பார். அவருடைய 38 மருந்துகளும் மனநிலையைப் பார்த்துத் தருபவை. சக்கரம், பூவின் நிறம் எதுவும் அதில் இல்லை. ஆய்வுகளிலும் அவை மருந்தில்லாத போலித்துளியை விஞ்சவில்லை.

"படபடப்பு எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஆறு மாசமா."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

பதில் இல்லை. பாட்டு முடிவதற்குள் பக்கத்துக் கிளினிக் திறக்கும் நேரத்தைத் தேடிச் சொன்னேன்.