புகை கறுத்தால் பெட்ரோல் மிகுதி

லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் கூடாது, சிம்னிதான் கருகும். எண்ணெய்க்கு ஏற்ற காற்று கிடைக்காததே காரணம். கார் எஞ்சினிலும் இதே கதைதான். 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். பழைய கார்களில் இவ்விரண்டையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். பெட்ரோல் மிஞ்சிய கலவையைப் பட்டறைக்காரர்கள் 'ரிச்' என்பார்கள்.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மை அழைத்துப் போய் ஒரு காரைக் காட்டினார். மாஸ்டா ஆர்.எக்ஸ்.7, 1978இல் வெளிவரத் தொடங்கிய முதல் வகை. "கறுப்பாப் புகையுது, சார். எஞ்சினே போச்சு, பிரிச்சுத்தான் செய்யணும்னு வேற கடையில சொல்லிட்டாங்களாம்" என்றார். காருக்கு உரியவர் லாரி ஓட்டிப் பிழைப்பவர். எஞ்சினைப் பிரித்துச் செய்யும் செலவு அவருக்குப் பல மாதச் சம்பளம்.

இந்தக் காரின் எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கலின் எண்ணத்தில் உதித்தது இது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் இரண்டு ரோட்டர் கொண்ட எஞ்சினை 1967இல் காஸ்மோ காரில் வைத்து விற்றது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய அடைப்புப் பட்டைகள் உண்டு. அவை தேயாதிருக்க, சிறு பம்ப் ஒன்று சொட்டுச் சொட்டாக எஞ்சின் எண்ணெயை ஊட்டுகிறது. ஆகவே எண்ணெய் கொஞ்சம் குறைவது இதன் இயல்பு. பெட்ரோலும் சற்று அதிகம் குடிக்கும். "ரோட்டரி அப்படித்தான்" என்று சொல்லிப் பலர் விட்டுவிடுவது இதனால்தான். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகையோ பெட்ரோல் மிகுதியைக் காட்டும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? எரியாத பெட்ரோல் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும். பட்டைகள் உலர்ந்து தேயும். இல்லாத நோய்க்கு வைத்தியம் சொன்ன கடைக்காரரின் வாக்கு அப்புறம் உண்மையாகிவிடும்! அதைவிட அஞ்ச வேண்டியது கார்பன் மோனாக்சைடு. ரிச்சாக ஓடும் எஞ்சின் இதை மிகுதியாகக் கக்கும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ஆளைக் கொல்லும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விட்டுச் சோதிக்கவே கூடாது.

மாணவர் நம்மை அழைக்குமுன்பே கலவைத் திருகாணியைத் திருப்பிப் பார்த்திருந்தார். அவசரம்! அந்தத் திருகாணி, எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது வரும் கலவையை மட்டுமே திருத்தும். இந்தக் காரோ சாலையிலும் புகைத்தது. முதலில் பார்க்க வேண்டியது காசு செலவில்லாதவற்றை.

காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றினோம். தூசி அடைத்த வடிகட்டியும் ரிச்சாக்கும். இங்கே அது புதிது. அடுத்தது சோக். குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் காற்றை மறைக்கும் தகடு அது. எஞ்சின் சூடான பின் தகடு நேராக நின்று வாயைத் திறந்திருக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் மூடியே கிடந்தது. கைப்பிடியை உள்ளே தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. கம்பி துருப்பிடித்து உறைக்குள் இறுகியிருந்தது. கையாலேயே தகட்டைத் திறந்ததும் எஞ்சின் சத்தம் சீரானது, புகை பெரும்பாலும் நின்றது. உரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெரும்பாலும்தான், முழுதும் அல்ல. கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணங்களில் சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு. காரைச் சமதரையில் நிறுத்தி எஞ்சினை ஓட விட்டால், பெட்ரோல் மட்டம் அதில் உள்ள குறியோடு நிற்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் அது மேலே ஏறி நின்றது. கக்கூஸ் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் மிதவையொன்று எழும்பி, ஊசி வால்வை அடைக்கிறது. ஊசியில் தூசி சிக்கினாலோ, மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்தாலோ, யாராவது வலுவான பம்பை மாட்டியிருந்தாலோ மட்டம் ஏறும். பேட்டரியின் கம்பியைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பின் பிரித்தோம். அருகில் சிகரெட் பிடித்தவரை மாணவர் விரட்டிவிட்டார். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலப்பு இல்லை, நல்லது. ஊசி அமரும் இடத்தில் மணல் போல் ஒரு துகள். அவ்வளவுதான்!

புதுச் சோக் கம்பி மாட்டி, கரி படிந்த 4 பிளக்குகளையும் துடைத்து, திருகாணியையும் மீண்டும் சரிசெய்தார் மாணவர். கிளம்பப் போன உரியவரை நிறுத்தி, எண்ணெய் அளவுக் குச்சியை உருவி முகர்ந்து பார்க்கச் சொன்னோம். பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல் கலந்த எண்ணெய் வழுக்காது. அதை வடித்துப் புதிதாக ஊற்றிய பிறகே மாணவர் சாவியைக் கொடுத்தார்.