களஞ்சியத்தை நிரப்பப் பழகுவோம்

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். பீளமேட்டில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோதனைகள் முடிந்து, கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். மேல்நிலை வகுப்புவரை தமிழிலேயே பயின்று வந்த முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க சார், இந்தப் பரப்பு இழுவிசையத் தமிழ்ல இன்னுங் கொஞ்சம் வெவரமாப் படிக்கோணும்னா எங்கீங்க பாக்கறது?"

நூலகத்தில் இருந்தவை ஆங்கில நூல்கள். அவளுடைய கைப்பேசியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பார்த்தோம். அங்கே கிடைத்த செய்தி அவளுடைய ஐயத்தைத் தீர்க்கப் போதவில்லை. "இதையெல்லாம் யாருங்க எழுதறது?" என்றாள். "உன்னையும் என்னையும் போன்றவர்கள்தாம்" என்றேன். சொல்வது எளிதாக இருந்தது. ஆனால் எழுதப் பழக்குவது எப்படி? அதற்கென ஒரு பயிற்சிப் பட்டறை நடத்த விரும்புவோர் எவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய களஞ்சியமும் புதிய களஞ்சியமும்

கலைக்களஞ்சியம் கொங்கு நாட்டுக்குப் புதியதன்று. தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன், ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அறிஞர்கள் எழுத, ஆசிரியர் குழு திருத்த, அச்சகம் அச்சிட்டது. அச்சேறிய பின் ஒரு பிழையைக் கண்டாலும் அடுத்த பதிப்புவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

2001 சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா இம்முறையைத் தலைகீழாக்கியது. இங்கே படிப்பவரே எழுதலாம். எழுதியதை மற்றவர் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகி நிற்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தது. அக்காலத்தில் ஐக்கிய அரபு நாடுகளில் வாழ்ந்த இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் தொடக்க ஆண்டுகளிலேயே அதற்கு உருக்கொடுத்து, பல்லாயிரம் கட்டுரைகளை எழுதினார். 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைக் கடந்தது. இன்று அது ஒன்றரை இலட்சத்துக்கும் மேல்.

கட்டுரைகள் பெருகியிருந்தாலும் தொடர்ந்து எழுதும் கைகள் குறைவு. எனவே புதியவர்களைப் பழக்கும் முயற்சிகள் அவ்வப்போது நடந்துள்ளன. 2010-இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இது நமக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. பலகோடி மக்கள் பேசும் அரபு மொழியிலும் எழுதுவோரைத் தேட வேண்டியிருந்தது. 2012-இல் கெய்ரோ பல்கலைக்கழகத்திலும் அயின் சம்சு பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் தங்கள் பாடப் பணியின் ஒரு பகுதியாகவே அரபு விக்கிப்பீடியாவில் எழுதினர். ஆசிரியர் உடனிருந்து, ஒரு பருவம் முழுவதும் நடந்த பயிற்சி அது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

தோற்றுப்போன ஒரு பட்டறை

நான் முதன்முதலில் நடத்திய பட்டறை தோல்வியில் முடிந்தது. அதன் காரணங்களைப் பார்ப்பது பயன் தரும்.

நாற்பது மாணவர்கள், ஒரு கணினிக்கூடம், மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் வரவேற்புரையிலும் சிறப்புரையிலும் கழிந்தது. பிறகு, "எல்லோரும் கணக்குத் தொடங்குங்கள்" என்றேன். ஆறு பேர் தொடங்கினர். ஏழாமவருக்கு மறுப்பு வந்தது!

காரணம் என்ன? ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகளுக்குமேல் தொடங்க விக்கிப்பீடியா இடந்தருவதில்லை. விளம்பரக்காரரும் குறும்பரும் நூற்றுக்கணக்கில் கணக்குத் தொடங்குவதைத் தடுக்க ஏற்பட்ட விதி இது. கூடத்தில் நாற்பது கணினிகள் இருந்தாலும், அவை யாவும் ஒரே வாயில் வழியாகவே வெளியுலகை அடைகின்றன. ஆகவே நாற்பதும் வெளியே ஒரே முகவரியாகத் தோன்றின. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எப்படியோ கைப்பேசி இணைப்பின் துணையால் பலர் உள்ளே நுழைந்தனர். அடுத்த இடர், தட்டச்சு. பாதிப் பேருக்குக் கணினியில் தமிழ் எழுதத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் நேரமில்லாமையால் பாடநூலைப் பார்த்து அப்படியே படியெடுத்தனர். அன்றிரவே அப்பக்கங்கள் நீக்கப்பட்டன, நீக்கியது சரியே. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நாற்பது பேரில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் இருவர். கதிரியக்கத் தனிமத்துக்கு அரை ஆயுள் உண்டு என வகுப்பில் கற்பிக்கிறோம். என் பட்டறையின் அரை ஆயுள் ஒரு வாரங்கூட இல்லை!

முதல் தள்ளல்

மேசைமீது கனமான பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளிப் பாருங்கள். நகரத் தொடங்கும்வரை மிகுந்த விசை வேண்டும். நகர்ந்தபின் குறைந்த விசையே போதும். ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரிது என்பதே காரணம். புதிய எழுத்தாளர் நிலையும் இதுவே. முதல் திருத்தமே கடினம். ஆகவே பட்டறையின் திட்டம் முழுவதும் இந்த முதல் உராய்வைக் குறைப்பதை நோக்கியே அமைய வேண்டும்.

ஒன்று: எண்ணிக்கையைக் குறையுங்கள். இருபது பேர் போதும். ஐவருக்கு ஒருவராக, முன்பே எழுதிப் பழகிய உதவியாளர் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டு: கணக்குகளை முதல் நாளே அவரவர் வீட்டில், அவரவர் இணைப்பிலிருந்து தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். அல்லது, பட்டறையின் நாளையும் கூடத்தின் இணைய முகவரியையும் சில நாட்களுக்கு முன்பே விக்கிப்பீடியாப் பொறுப்பாளர்களுக்குத் தெரிவித்து, அந்த வரம்பைத் தளர்த்தக் கேளுங்கள்.

மூன்று: தட்டச்சுக்கெனத் தனி நேரம் ஒதுக்குங்கள். தமிழ் 99 விசைப்பலகை தெரிந்தவர் அதில் எழுதட்டும். ஒலிபெயர்ப்பு முறை பழகியவர் அதில் எழுதட்டும். கைப்பேசியில் பேசி எழுத்தாக்குவோரையும் தடுக்க வேண்டாம். பிழை பார்க்கப் பழக்கினால் போதும்.

நான்கு: புதிய கட்டுரையில் தொடங்காதீர்கள். "மணல்தொட்டி" என்னும் பயிற்சிப் பக்கத்தில் நான்கு வரி எழுதிப் பழகட்டும். பிறகு ஏற்கெனவே உள்ள ஒரு கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். சேமித்த நொடியில், "நான் மாற்றியது உலகம் முழுவதும் தெரிகிறதே!" என்று அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்கு முன்னால் எந்தச் சிறப்புரையும் ஈடாகாது.

சொந்தச் சொல்லும் சொந்த அறிவும்

உரிமைச் சட்டத்தைப் பலர் தவறாக உணர்ந்திருக்கின்றனர். உண்மைகள் எவருக்கும் உடைமையல்ல; அவற்றைச் சொன்ன சொற்களே உடைமை. நீர் கொதிக்கும் வெப்பநிலையை யாரும் எழுதலாம். அதைப் பாடநூல் விளக்கிய பத்தியைப் படியெடுத்தல் ஆகாது. இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். நூலை மூடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் விளக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பத்தியிலிருந்து செய்தியை எடுத்தோம் என்பதை அடியில் சான்றாகக் காட்டச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டு வாங்கிய கட்டுரைக்கும் எச்சரிக்கை தேவை. அது இல்லாத நூலையும் இருப்பதுபோல் சான்று காட்டக்கூடும். கண்ணால் பார்க்காத நூலைச் சான்றாகத் தருவதில்லை என்பது பட்டறையின் கட்டளையாக இருக்கட்டும்.

சான்றைப் பற்றிப் பேசும்போது ஒரு நிகழ்ச்சியைக் கூறியாக வேண்டும். என் மாணவன் ஒருவனின் தந்தை, எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். அவன் அந்தத் தொழிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். தெளிவான நடை, பிழையற்ற செய்தி. சான்று இல்லாததால் அது நீக்கப்பட்டது. அவன் என்னிடம் வந்து, "எங்கப்பா முப்பது வருசமாச் செய்யறாருங்க சார். அப்ப அது பொய்யுங்களா?" என்று கேட்டான்.

பொய்யன்று. ஆனால் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ அதைப் படிப்பவர் உன் தந்தையைக் கண்டதில்லை. அவர் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் அல்லவா? ஆய்வுக்கூடத்தில் நீ எழுதும் முடிவையும் அளவீடுகளைப் பார்த்துத்தானே ஏற்கிறேன்? கலைக்களஞ்சியம் ஒரு செய்தியை முதன்முதலில் சொல்லும் இடமன்று. வேறிடத்தில் நிலைபெற்றதைத் தொகுக்கும் இடம். இவ்வாறு விளக்கினேன். அவன் முழு மனத்தோடு ஏற்றதாகத் தெரியவில்லை. அவன் வருத்தத்தில் நியாயமும் உண்டு. நம் பட்டறைகளில் உள்ள அறிவில் பெரும்பகுதி இன்னும் அச்சேறவில்லை. அச்சேறாதது களஞ்சியத்தில் ஏறுவதில்லை.

இருந்தாலும் வழி இருந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடநூல்களில் காயில் கட்டும் முறை விளக்கப்பட்டுள்ளது. அவற்றைச் சான்றாக வைத்து மீண்டும் எழுதினான். தந்தையின் ஒப்புதலோடு, அவர் கைகள் செப்புக் கம்பியைச் சுற்றும் காட்சியைப் படமெடுத்து, விக்கிமீடியா பொதுவகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் உரிமையுடன் சேர்த்தான். எழுத்தாய் நுழைய முடியாத அறிவு படமாய் நுழைந்தது. பட்டறைக்குத் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது, "சான்று கிடைக்குமா?" என்று முன்பே பார்த்து வைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சொல்லுக்குச் சண்டை வேண்டாம்

இயற்பியல் கட்டுரை எழுதுவோர் அறிய வேண்டியது இன்னொன்று. நாம் "திசைவேகம்" என்பதை இலங்கைப் பாடநூல்கள் "வேகம்" என்கின்றன. நாம் "வேகம்" என்பதை அவர்கள் "கதி" என்பர். நமது "முடுக்கம்" அங்கே "ஆர்முடுகல்". புதியவர் ஒருவர் இதைப் பிழை என்று கருதித் திருத்தினால் வீண் பூசல் விளையும். இரண்டும் தமிழே. ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து, மற்றதிலிருந்து "வழிமாற்று" அமைத்தால், எந்தச் சொல்லால் தேடுபவரும் ஒரே பக்கத்தை அடைவர். கருத்து வேறுபாடு எழுந்தால் அக்கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பேசலாம். பொதுவான செய்திகளைப் பேச "ஆலமரத்தடி" என்று அழகிய பெயர் தாங்கிய பக்கம் உண்டு. புதியவர் தம்மை அங்கே அறிமுகம் செய்துகொள்ளலாம்.

பட்டறை முடிந்த பிறகு

கெய்ரோவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஒரே நாளில் முடிவது விழா. பயிற்சி பருவம் முழுவதும் நடப்பது. எனவே ஒரு முழு நாளைவிட, ஒரு வார இடைவெளியுடன் இரண்டு அரைநாட்கள் சிறந்தவை. இடையில் எழுந்த ஐயங்களோடு இரண்டாம் நாள் வருவர். பிறகு மாதம் ஒருமுறை, தேநீருடன் ஒரு மணி நேரம் கூடினால் போதும். எத்தனை பேர் வந்தனர் என்று எண்ண வேண்டாம். மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் எழுதுகின்றனர் என்று எண்ணுங்கள். பட்டறையின் உண்மையான அளவுகோல் அதுவே.

இம்முறையில் நடத்திய இரண்டாம் பட்டறைக்கு வந்தவர் பதினெட்டுப் பேர். மூன்று மாதம் கழித்தும் எழுதுவோர் ஐவர். பெரிய எண்ணிக்கை இல்லைதான். அந்த ஐவரில், பரப்பு இழுவிசை பற்றிக் கேட்ட அந்த மாணவியும் ஒருத்தி. சென்ற வாரம் என்னிடம் வந்து, தான் எழுதிய பத்தி ஒன்றில் அலகைத் தவறாகக் குறித்துவிட்டதாகவும், முன்பின் அறியாத ஒருவர் அதைத் திருத்தியிருப்பதாகவும் கூறினாள். "தப்பா எழுதிப்போட்டேனுங்க சார். ஆனா நான் எழுதுனத ஒருத்தர் படிச்சிருக்காருங்க!" என்றாள்.

வாசகர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ பத்துப் பேர் கூடினால் போதும், பட்டறை தொடங்கிவிடலாம். அதற்குமுன் இன்று மாலை நீங்களே ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, அதில் ஒரு பிழையைத் திருத்திப் பாருங்கள்.